கிருமியின் ரகம் அறிந்து நெல் ரகம் தேர்வோம்

இலைக்கருகல் நோய்க்கு மரபணுச் சோதனை தரும் விடை

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் பாக்டீரியா இலைக்கருகல் நோய் மிக முக்கியமானதாகும். பயிர் தூர் கட்டி, பச்சை கட்டி, பார்ப்பதற்குச் செழிப்பாக நிற்கும் நேரத்தில் இலை நுனியில் தொடங்கும் மஞ்சள் நிறம் சில நாட்களில் வயல் முழுவதும் பரவி, தீயில் வாட்டியது போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். நோய் கடுமையாகத் தாக்கினால் மகசூலில் பாதி வரை இழப்பு ஏற்படக்கூடும். நட்ட சில வாரங்களிலேயே தாக்கினால் பயிர் முழுவதுமாக வாடி மடிவதும் உண்டு.

இந்நோயைக் கட்டுப்படுத்த மருந்தைவிட எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களையே விஞ்ஞானிகள் பெரிதும் நம்புகின்றனர். ஆனால் உழவர்கள் பலர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். "எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் என்று சொல்லித்தானே விதை வாங்கினோம்? அடுத்த ஊரில் அதே ரகம் நன்றாக நிற்கிறது. எங்கள் வயலில் மட்டும் ஏன் கருகுகிறது?" கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு இது வெறும் ஐயம் அன்று, அடுத்த பட்டத்திற்கு எந்த விதையை வாங்குவது என்ற கவலையும் அதில் அடங்கியுள்ளது. இக்கேள்விக்கு விடை காண உதவுவதுதான் கிருமியின் மரபணுச் சோதனை.

கிருமியிலும் ரகங்கள்

நெல் என்பது ஒரே பயிர்தான். ஆயினும் அதில் பொன்னி, ஐ.ஆர்.20, ஆடுதுறை ரகங்கள் என எத்தனையோ உள்ளன. அதைப் போலவே இலைக்கருகல் நோயை உண்டாக்கும் 'சாந்தோமோனாஸ் ஒரைசே' என்ற பாக்டீரியாவிலும் பல ரகங்கள் உண்டு. விஞ்ஞானிகள் இவற்றை 'ரேஸ்' என்றும் 'ஸ்ட்ரெயின்' என்றும் குறிப்பிடுவர். நாம் இங்குக் கிருமி ரகம் என்றே சொல்வோம்.

நெல் ரகங்களைப் பயிரின் உயரத்தையும் மணியின் வடிவத்தையும் கொண்டு அடையாளம் காணலாம். கிருமி ரகங்களுக்கு அவ்வாறு வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. நுண்நோக்கியில் பார்த்தாலும் எல்லாம் சிறு குச்சி போன்றே தெரியும். இலையில் உண்டாக்கும் கருகலும் ஒன்றே. ஆனால் எந்த நெல் ரகத்தைத் தாக்கும், எதனிடம் தோற்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

எனவே, ஒரு நெல் ரகத்திற்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்று சொன்னால், சில குறிப்பிட்ட கிருமி ரகங்களை அது தாங்கும் என்பதே பொருள். எல்லாக் கிருமி ரகங்களையும் எக்காலத்திலும் தாங்கும் என்று கொள்ளக்கூடாது. ஒரு பூட்டு ஒரு திருடனைத் தடுக்கலாம். அதற்கான கள்ளச்சாவியை வைத்திருப்பவனை அது தடுக்காது.

திரூர்க்குப்பம் நெல் சொல்லும் பாடம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலிருந்தே கிடைக்கிறது. திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம்.6 என்ற நெல் ரகத்தில் இலைக்கருகல் நோயைத் தாங்கும் மரபணு ஒன்று இருந்தது. இதற்கு எக்ஸ்ஏ-4 என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் டி.கே.எம்.6 ரகத்தைப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர்.20 ரகத்தை உருவாக்கி 1969-ல் வெளியிட்டது. தமிழக உழவர்கள் ஐ.ஆர்.20 ரகத்தை விரும்பிப் பயிரிட்டதை மூத்த உழவர்கள் அறிவர். பின்னர் வந்த பல ஐ.ஆர். ரகங்களிலும் இதே எக்ஸ்ஏ-4 மரபணு சேர்க்கப்பட்டது.

பிலிப்பைன்ஸில் ஏக்கர் கணக்கற்ற பரப்பில் இந்த ஒரே மரபணுவைக் கொண்ட ரகங்கள் பயிரிடப்பட்டன. தொடக்கத்தில் நோய் குறைந்தது. ஆனால் 1970-களில் நிலைமை மாறத் தொடங்கியது. எக்ஸ்ஏ-4 மரபணுவிடம் தோற்கும் கிருமி ரகம் குறைந்து, அதனை வெல்லும் வேறொரு கிருமி ரகம் பெருகியது. அந்நாட்டில் ஆண்டுதோறும் திரட்டிய கிருமிகளை ஆராய்ந்து, நெல் ரகம் மாற மாறக் கிருமி ரகமும் மாறியதை விஞ்ஞானிகள் 1992-ல் வெளியிட்டனர். நம் நாட்டிலும் இன்று எக்ஸ்ஏ-4 மரபணுவை வெல்லும் கிருமிகள் பரவலாக உள்ளன.

இதில் நெல் ரகம் கெட்டுப்போகவில்லை. விதையின் மரபணு அப்படியேதான் உள்ளது. வயலில் உள்ள கிருமிதான் மாறியது. ஒரே மரபணுவை எல்லா வயலிலும் நம்பியிருந்ததே அந்த மாற்றத்திற்கு இடம் கொடுத்தது.

கத்தரிக்கோல் சோதனை

கிருமி ரகத்தை அறிய நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. எக்ஸ்ஏ-4, எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 எனத் தனித்தனி எதிர்ப்பு மரபணு கொண்ட நெல் வகைகளைத் தொட்டியில் வளர்ப்பார்கள். நோயுற்ற இலையிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைத் தண்ணீரில் கரைத்து, அதில் கத்தரிக்கோலை நனைத்து, ஒவ்வொரு வகையின் இலை நுனியையும் வெட்டி விடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, வெட்டிய இடத்திலிருந்து கருகல் எவ்வளவு நீளம் இறங்கியுள்ளது என்று அளப்பார்கள். எந்தெந்த மரபணுவை அக்கிருமி வென்றது, எதனிடம் தோற்றது என்பது இதிலிருந்து தெரிந்துவிடும்.

இது நம்பகமான முறை. ஆனால் கிருமியைப் பிரித்தெடுத்து, பயிர் வளர்த்து, நோய் முதிரும் வரை காத்திருக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான வயல்களிலிருந்து வரும் கிருமிகளை எல்லாம் இவ்வாறு சோதிப்பது எளிதன்று.

மரபணுச் சோதனை எவ்வாறு நடக்கிறது?

கிருமி எவ்வளவு சிறியதாயினும் அதன் உடலமைப்பையும் குணத்தையும் தீர்மானிக்கும் குறிப்பேடு ஒன்று அதனுள் உள்ளது. அதுவே டி.என்.ஏ. இலைக்கருகல் கிருமியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள் உள்ளன. கொரிய விஞ்ஞானிகள் 2005-ல் இதனை முதன்முதலாக முழுமையாகப் படித்து வெளியிட்டனர்.

2020-ல் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். பரிசோதனை நினைவிருக்கும். அங்கு வைரஸ், இங்கு பாக்டீரியா. அடிப்படை ஒன்றுதான். இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து ஒரு சிறு குழாயில் இட்டு, சில வேதிப் பொருட்களைச் சேர்த்து, இயந்திரத்தில் வைத்துச் சூடாக்குவதும் ஆற்றுவதுமாகச் செய்வார்கள். நாம் தேடும் துண்டு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகப் பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றுகள் முடிவதற்குள் 100 கோடிக்கும் மேலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணால் காணும் அளவுக்கு வந்துவிடுகிறது.

இச்சோதனையால் இருவிதப் பயன் உண்டு. முதலாவது, நோயின் பெயரை உறுதி செய்வது. நெல்லில் இலைக்கருகல் நோயும் இலைக்கீற்று நோயும் ஒரே பாக்டீரியா இனத்தின் இரு பிரிவுகளால் வருபவை. இரண்டும் சேர்ந்து முதிர்ந்த வயலில் பழகிய கண்ணும் ஏமாறும். மரபணுச் சோதனை ஏமாறாது.

இரண்டாவது, கிருமி ரகத்தைப் பிரித்தறிவது. இக்கிருமியின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சில துண்டுகள் உள்ளன. அவை எந்த இடங்களில், எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன என்பது கிருமிக்குக் கிருமி மாறும். அத்துண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளைப் பெருக்கி ஒரு கூழ்த் தகட்டில் ஓடவிட்டால், நீளத்திற்கு ஏற்ப வரிவரியாகப் பிரிந்து நிற்கும். பத்திரப் பதிவில் வைக்கும் கைரேகையைப் போல இந்த வரிகளே கிருமியின் ரேகை ஆகும். ஒரு வயலில் எடுத்த கிருமியின் ரேகையும் நூறு மைல் தள்ளி எடுத்ததன் ரேகையும் ஒத்திருந்தால், இரண்டும் ஒரே வழி வந்தவை என்று அறியலாம். ரேகை புதிதாக இருந்தால் அங்கே வேறொரு கிருமி ரகம் தலைகாட்டியுள்ளது என்பது பொருள். பிரித்தெடுத்த கிருமி கையில் இருந்தால் ஓரிரு நாளில் இவ்விடை கிடைத்துவிடும். இப்போது டி.என்.ஏ. முழுவதையும் படித்து ஒப்பிடும் வசதியும் வந்துள்ளது.

ஆயினும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ரேகை ஒன்றாக இருந்தும், தாக்கும் குணத்தில் மட்டும் சிறு மாற்றம் பெற்ற கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே ரேகையைக் கொண்டு கிருமிகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலவற்றைக் கத்தரிக்கோல் முறையிலும் சோதிப்பதே சரியான வழி.

தான்சானியா கண்ட உண்மை

ஆசியாவில் உள்ள இலைக்கருகல் கிருமிகளும் ஆப்பிரிக்காவில் உள்ள கிருமிகளும் நெடுங்காலமாகத் தனித்தனிக் குடும்பங்களாக இருந்து வந்தவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாட்டின் டக்காவா பகுதியில் 2019-ல் இந்நோய் கடுமையாகத் தோன்றியது. அங்கு எடுத்த கிருமிகளின் மரபணுவைச் சோதித்தபோது, அவை ஆப்பிரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. இந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று.

கருகிய இலையைப் பார்த்து மட்டும் இதனைக் கண்டிருக்க முடியாது. ஆப்பிரிக்கக் கிருமிகளை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுத்த நெல் ரகங்கள் ஆசியக் கிருமியைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை என்பதை அந்நாட்டு விஞ்ஞானிகள் உரிய காலத்தில் அறிந்துகொண்டனர். வந்திருப்பது எது என்று தெரிந்த பின்னரே எதைக் கொண்டு தடுப்பது என்று முடிவு செய்ய முடிகிறது.

ஒன்றுக்கு மூன்று பூட்டு

கிருமி ரகங்களை அறிந்ததால் விளைந்த பயனை நம் அருகிலேயே காணலாம். பி.பி.டி. என்று நம் உழவர்கள் அழைக்கும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, சன்ன அரிசிக்குப் பெயர் பெற்றது. ஆனால் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இலக்காகக்கூடியது. ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து இந்த ரகத்தில் எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 ஆகிய மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்தன. 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்ற பெயரில் இது 2008-ல் வெளியிடப்பட்டது.

மூன்று ஏன் என்று கேட்கலாம். மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. இக்கிருமி இலைக்குள் நுழைந்ததும், பயிரின் சர்க்கரைக் குழாயைத் தனக்காகத் திறந்துவிடும் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறது. எக்ஸ்ஏ-13 உள்ள பயிரில் அந்தக் குழாயின் திருகு மாறியிருப்பதால் கருவி பிடிப்பதில்லை. ஆனால் வேறொரு திருகைத் திறக்கும் கருவியுள்ள கிருமி ரகங்கள் இதனை வென்றுவிடும். எக்ஸ்ஏ-5 அத்தகைய கருவிகள் பலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. எக்ஸ்ஏ-21 செல்லின் வாசலில் நிற்கும் காவலாள் போன்றது. கிருமி வெளியிடும் ஒரு பொருளை அடையாளம் கண்டு பயிரை எச்சரிக்கிறது. இது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. மூன்றையும் ஒருசேர வெல்வது கிருமிக்கு எளிதன்று.

இந்த ரகம் ஒட்டுச் சேர்க்கை முறையில் உருவானதே. எந்த நாற்றில் மூன்று மரபணுக்களும் சேர்ந்துள்ளன என்பதைத் தேர்ந்தெடுக்கவும் பி.சி.ஆர். சோதனையே பயன்பட்டது. கிருமியை அறிய உதவும் சோதனையே அதற்கு ஏற்ற விதையைத் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது. இருப்பினும், எந்த ரகத்தை வாங்குவதாயினும் தங்கள் பட்டத்திற்கும் மண்ணுக்கும் ஏற்றதுதானா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

உழவர் கண்ணில் படும் முதல் அறிகுறி

ஆய்வுக்கூடத்தில் எத்தனை இயந்திரங்கள் இருந்தாலும், புதிய கிருமி ரகம் வந்துள்ளது என்ற முதல் செய்தி உழவரின் வயலிலிருந்துதான் வர வேண்டும். எதிர்ப்பு ரகம் ஒன்று நோயுற்றால் அதுவே எச்சரிக்கை மணி. அப்போது செய்ய வேண்டியவை வருமாறு:

1. முதலில் இது இலைக்கருகல் நோய்தானா என்று பார்க்க வேண்டும். நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அலை அலையாக மஞ்சள் கோடு இறங்கும். அதிகாலையில் இலைமேல் பால் போன்ற துளிகள் நிற்கும். வெயில் ஏறியதும் அவை காய்ந்து மஞ்சள் மணிகளாகும். சந்தேகம் இருந்தால், மஞ்சளும் பச்சையும் சேருமிடத்தில் இலையை வெட்டிக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நிறுத்தவும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து புகை போலக் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியாவே.

2. நட்ட இளம் பயிர் முழுவதும் வாடினால் தண்டுத் துளைப்பான் என்று எண்ணிவிடக்கூடாது. தண்டில் புழுவோ துளையோ இன்றி, அடியை வெட்டிப் பிழிந்தால் மஞ்சள் கசிவு வருமாயின் அது 'கிரெசெக்' எனப்படும் இந்நோயின் கடுமையான நிலையாகும்.

3. விதை கலப்பா என்பதையும் கவனிக்க வேண்டும். வயலில் ஆங்காங்கே உயரமோ கதிரோ வேறுபட்ட பயிர் மட்டும் நோயுற்றிருந்தால் அது கலப்பு விதையாக இருக்கலாம். ஒரே சீரான பயிர் பரவலாக நோயுற்றிருந்தால்தான் கிருமி மாறியிருக்கலாம் என்ற ஐயத்திற்கு இடமுண்டு.

4. மருந்து தெளிக்கும் முன்னரே மாதிரி எடுக்க வேண்டும். வயலில் பல இடங்களிலிருந்து, பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக உள்ள பத்துப் பன்னிரண்டு இலைகள் போதும். முற்றிலும் காய்ந்த இலை பயன்படாது. இலைகளைச் செய்தித்தாள் மடிப்பில் வைக்க வேண்டும். ஈரத்துடன் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அழுகிவிடும்.

5. ஊர், நெல் ரகம், விதை வாங்கிய இடம், விதைத்த நாள், நட்ட நாள், நோய் முதலில் தென்பட்ட நாள், இட்ட உரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைக்கவும். இந்தக் குறிப்பு இல்லாத இலையால் ஆய்வாளருக்குப் பாதிப் பயனே.

6. இரண்டொரு நாளுக்குள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒப்படைத்து, பயிர் நோயியல் துறைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்ளலாம். காவிரிப் பாசனப் பகுதியினர் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

இந்தச் சோதனை இந்தப் பட்டத்துப் பயிரைக் காப்பாற்றாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முடிவு வருவதற்குள் பயிர் கதிராகிவிடும். ஆனால் அடுத்த பட்டத்தில் அந்த வட்டாரத்திற்கு எந்த மரபணு உள்ள ரகத்தைப் பரிந்துரைப்பது என்பதற்கு இதுவே ஆதாரம். பத்து ஊர் இலைகள் சேர்ந்தால்தான் ஒரு வட்டாரத்தின் நிலை தெரியும். ஆகவே ஒருவர் கொண்டுவரும் இலை ஊருக்கே பயன்படும்.

இப்போதைய பயிருக்கு

நோய் தென்பட்டவுடன் மேலுரமாக யூரியா இடுவதை நிறுத்த வேண்டும். மஞ்சளைக் கண்டு சத்துக் குறைவு என எண்ணி மேலும் யூரியா இடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். தழைச்சத்தை எப்போதும் பகுதி பகுதியாக, இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவதே நல்லது. நோயுற்ற வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சக்கூடாது. வடிய வைத்து, தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது வயலில் நடமாடினால் கிருமி ஒரு பயிரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கத்தை இந்நோய் வரும் இடங்களில் கைவிட வேண்டும். காயம் வழியே கிருமி எளிதில் புகும். அறுவடைக்குப் பின் தாளடியை மடக்கி உழுது, வரப்பில் உள்ள புல்லையும் அகற்ற வேண்டும்.

20 சதவீதச் சாணக் கரைசல் தெளிப்பதும் பரிந்துரைக்கப்படுகிறது. 20 கிலோ புதிய பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 லிட்டராக்கி, நன்கு வடிகட்டி, நோய் தோன்றியவுடன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறு முறையும் தெளிக்கலாம்.

கடைக்காரர் சொன்னார் என்று ஸ்டிரெப்டோமைசின் கலந்த மருந்துகளை வாங்கி அடிக்கடி தெளிப்பது சரியன்று. இது மனிதருக்குக் காசநோய்க்கும் பயன்படும் மருந்து. வயலில் கண்டபடி தெளித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். பயிர்த்தொழிலில் இதன் பயன்பாட்டைத் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டதையும் உழவர்கள் அறிந்திருப்பது நல்லது.

வயல் முழுவதும் கருகிய பின் மருந்துக் கடைக்கு ஓடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும். ஒரு ஊர் முழுவதும் ஒரே ரகத்தை, அதுவும் ஒரே எதிர்ப்பு மரபணுவை ஆண்டுக்கணக்கில் நம்பியிருக்காமல், இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்துப் பயிரிடுவது கிருமியின் வேகத்தைக் குறைக்கும். வரும் பட்டத்தில் எதிர்ப்பு ரகம் பயிரிடும் உழவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாரம் ஒரு முறையாவது வயலைச் சுற்றி வந்து, இலை நுனிகளைக் கவனித்து, ஐயத்திற்குரிய இலை கண்டால் தாமதமின்றி விரிவாக்க மையத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.